பதினேழாவது நிமிடத்துக்குப் பிறகு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகலில் நடந்தது. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் மதியம் ஒரு மணிக்கு. கிழமை, மணி, நிமிடம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். வெயிலில் மூளை கலங்கியிருக்கும் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். நானும் இரண்டு மாதம் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் சந்தனா. ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. நானும் என் கணவர் அஜிதனும் அடி அண்ணாமலையில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரம்மா கன்னியம்மாள். அஜிதனுக்கு டவுனில் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார்.

விடுமுறை நாட்களில் நான் ஒரு வேலை செய்வேன். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்து, போனில் பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அப்படித்தான் தென்றல் பழக்கமானாள். கீழ்பென்னாத்தூர்ப் பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. வரலாற்றுப் பட்டப்படிப்பில் ஒரே ஒரு பேப்பர் அரியர். மூன்று முறை எழுதி மூன்று முறையும் போய்விட்டது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி வாய்ப்பு சென்ற வருடம் மே மாதம் வந்தது. பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. சர்டிபிகேட் மட்டும்தான் பாக்கி. இந்த முறையும் போனால் வேலையும் இல்லை, டிகிரியும் இல்லை.

தேர்வு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. திங்கட்கிழமை சாயங்காலம், அவளுடைய அப்பா இருசப்பன் தன் ஷேர் ஆட்டோவில் ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இந்த ஒரு பாடத்தைத்தான் யாரும் படிச்சுக் குடுக்கலைங்க. இதுலதான் பெரிய கேள்வி வருமாம். நீங்கதான் பார்த்து செய்யணும்."

ஐரோப்பியர் வருகையும் அமெரிக்கப் பழங்குடி நாகரிகங்களும். நாற்பத்தெட்டுப் பக்கம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பக்கம் படித்தால் வெள்ளிக்கிழமை முடித்துவிடலாம்.

நான் மதியத்தில்தான் பதிவு செய்வேன். கிரிவலப் பாதையில் ராத்திரியெல்லாம் ஆட்டோ, நாய், ஸ்பீக்கர். காலையில் பால் வண்டி, தண்ணீர் லாரி. கத்திரி மதியத்தில் மட்டும் தெருவில் காக்காய்கூட இருக்காது. உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் படிப்பேன். அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மூலையில் ஒரு தண்ணீர்ப் பானை. நாங்கள் சமணக் குடும்பம். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். அந்தத் துணி எப்போதும் பானையின் வாயில் கட்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை மதியம் 12.40க்கு ஆரம்பித்தேன்.

கடலுக்கு அப்பாலிருந்து கப்பல்கள் வந்த கதை. கரையில் நின்ற தீவு மக்கள் ஓடவில்லை. வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். சாப்பாடு கொடுத்தார்கள். கிளிகளையும் பருத்தி நூலையும் பரிசாகக் கொடுத்தார்கள். இவர்களை எளிதில் வேலையாட்களாக்கிவிடலாம் என்று கப்பலில் வந்தவன் எழுதி வைத்துக்கொண்டான்.

அந்த வரியைப் படித்தபோது, எனக்குப் பின்னால் கதவு உரசியது. மணி 12.52. கன்னியம்மாள்தான் மேலே வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்காமலே, "வாங்க, உட்காருங்க. இதோ முடிச்சிடறேன்" என்றேன். வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று கேட்காமல் இருந்து எங்களுக்குப் பழக்கமில்லை.

பக்கத்தை முடித்துவிட்டுத் திரும்பினேன். யாரும் இல்லை.

காற்றாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குக் காற்றே இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

சாயங்காலம் 6.10க்குத் தென்றல் கூப்பிட்டாள்.

"அக்கா, சூப்பரா படிச்சிருக்கீங்க. ஆமா, வீட்டுல இன்னா விசேஷம்?"

"விசேஷமா? ஒண்ணும் இல்லியே."

"சும்மா சொல்லாதீங்க. பன்னெண்டாவது நிமிஷத்துல வாங்க, உட்காருங்கன்னு சொன்னீங்க. அத்தினி பேரு வந்து உட்கார்ந்தாங்க. கேசரி கிண்டிட்டு எனக்கு மட்டும் சொல்லாம விட்டுட்டீங்களா?"

சிரித்தேன். பிறகு அந்தப் பதிவைக் கேட்டுப் பார்த்தேன். என் குரல் மட்டும்தான் இருந்தது. அவளைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"உங்களுக்குக் கேக்காதுக்கா. கண்ணு இருக்கறவங்களுக்குக் காது கம்மி. எனக்கு மூச்சு கேக்குது. நாப்பது அம்பது பேராவது இருப்பாங்க."

புதன்கிழமை 12.45க்கு ஆரம்பித்தேன்.

ஏரிக்கு நடுவே கட்டிய நகரம். ஆயிரக்கணக்கானோர் கூடும் சந்தை. மலைகளை இணைத்த கல் சாலைகள். அந்தச் சாலைகளில் ஆள் மாற்றி ஆள் ஓடிச் செய்தி சொன்ன அஞ்சல்காரர்கள். எழுத்துக்குப் பதிலாகக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்த அரசு. வேர்க்கடலையும் மிளகாயும் அவர்கள் மண்ணிலிருந்துதான் நமக்கு வந்தன. படிக்கப் படிக்க எனக்கே ஆர்வமாகிவிட்டது.

சுமார் ஒரு மணிக்கு ஒரு வாசனை வந்தது. மக்காச்சோளம் சுடும் வாசனை. அந்த வெயிலில் யார் அடுப்புப் பற்ற வைப்பார்கள்?

1.04. யாரோ இருமினார்கள்.

கீழ் வீட்டில் என்று நினைத்துத் தொடர்ந்து படித்தேன். முடித்ததும் தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் மொள்ளப் போனேன். காலை பத்து மணிக்கு நானே நிரப்பிய பானை அது. ஒரு சொட்டு இல்லை. கீறலும் இல்லை, கசிவும் இல்லை. துணி மட்டும் கசங்கியிருந்தது.

2.30க்குக் கீழேயிருந்து கன்னியம்மாளின் சத்தம் கேட்டது.

"சந்தனா! யாரும்மா அது உன் வீட்டுக்கு வந்தவங்க? காலைக் கழுவிட்டு ஏறக் கூடாதா? படியெல்லாம் மண்ணு!"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். படிகளில் வெறுங்காலின் தடங்கள். பெரிய கால், சின்னக் கால், குழந்தைக் கால். எங்கள் பக்கத்துச் செம்மண் இல்லை. வெள்ளையாக, பொடியாக, கடற்கரை மணல்.

"நீங்க யாரையாவது பார்த்தீங்களா?"

"நான் எங்கடி பார்த்தேன்? கீழ்பென்னாத்தூர் போயிட்டு இப்பதான வரேன். வீடு பூட்டித்தான் கெடந்துது." கன்னியம்மாள் துடைப்பத்தை எடுத்தாள். அப்படியே நின்றாள். "இன்னாடி இது... எல்லாம் ஏறின தடமா இருக்குது. எறங்கின தடம் ஒண்ணுகூடக் காணோமே."

அன்று தென்றல் 6.25க்குக் கூப்பிட்டாள். கேலி இல்லை.

"அக்கா, பாய் போட்டு உட்கார்ந்திருக்காங்க. குழந்தைங்களை உஷ், உஷ்னு அடக்குறாங்க. நாலு இடத்துல இருமல் கேக்குது. யாருக்கா அவங்க?"

பாடத்தைப் படிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையெல்லாம் யோசித்தேன். வேறு இடத்தில் போய்ப் படிக்கலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். வாட்ச்மேன் ஊரில் இல்லை. அஜிதனிடம் சொன்னேன். "வெயில்ல ஃபேனை நிறுத்திட்டு உட்கார்ந்தா எல்லாம்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

12.30க்கு உட்கார்ந்தேன். பானை நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன்.

அன்றைய பக்கங்கள் பெரியம்மையைப் பற்றியவை. கப்பலில் வந்த வீரர்களுக்கு முன்னால் நோய் போய்ச் சேர்ந்தது. வெள்ளையர் ஒருவரைக்கூடப் பார்க்காத ஊர்களும் அதில் அழிந்தன. அந்த மக்களின் உடம்புக்கு அந்த நோய் புதிது. ஊரில் ஒருவர் மிச்சமில்லாமல் ஒரே நேரத்தில் படுத்தார்கள். சோறு ஆக்க ஆளில்லை. தண்ணீர் கொடுக்க ஆளில்லை. நோயில் தப்பியவர்களும் பசியில் செத்தார்கள். சில பகுதிகளில் நூறு, நூற்றைம்பது வருடங்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் போய்விட்டார்கள்.

மாணவர்களுக்குப் புரிவதற்காக நடுவில் நானே சில வரிகள் சேர்த்துச் சொல்வதுண்டு. அன்றும் சொன்னேன்.

"தென்றல், நம்ம பக்கம் அம்மை போட்டா வாசல்ல வேப்பிலை சொருகுவாங்க இல்லியா? வெளி ஆளு யாரும் உள்ள வர மாட்டாங்க. அந்தப் பழங்குடி ஜனங்களுக்கு இந்த நோயே தெரியாது. படுத்தவங்களைச் சுத்தி சொந்தக்காரங்க எல்லாரும் ஆறுதலா உட்கார்ந்தாங்க."

சொல்லி முடிக்கவில்லை.

பாய் நகரும் சத்தம்.

சர்ர்... சர்ர்...

என் நாற்காலியைச் சுற்றி. நான்கு பக்கமும். நெருங்கி.

சூடு. வெயிலின் சூடு இல்லை. காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் நம் மேல் அடிக்குமே, அந்தச் சூடு. என் முழங்காலில். தோளில். பின்கழுத்தில்.

தலையைத் தூக்காமல் படித்தேன்.

12.51. பின்னால், 'தொப்'. தலை ஒன்று தரையில் சாய்ந்த சத்தம்.

12.53. இடது பக்கம், 'தொப்'.

பிறகு எண்ணவில்லை. எண்ண முடியவில்லை.

முடித்து அனுப்பியதும் பானையைப் பார்த்தேன். காலி.

சாயங்காலம் தென்றல் மெதுவாகப் பேசினாள்.

"மூச்சு கம்மியாயிடுச்சுக்கா. இப்ப ஏழெட்டுப் பேருதான்."

"தென்றல், என்னால முடியாதும்மா. நாளைக்கு வேற யாரையாவது..."

"யாருக்கா இருக்காங்க ஒரு நாள்ல?" அவள் குரல் உடைந்தது. உடனே சமாளித்துக்கொண்டாள். "பன்னெண்டே பக்கம். பேயா இருந்தா இருந்துட்டுப் போவுது. எனக்கு மனுசங்களே கண்ணுக்குத் தெரியறது இல்ல, பேய் இன்னா தனியா பயமுறுத்தப் போவுது? முடிச்சுக் குடுங்கக்கா. இது போச்சுன்னா எனக்கு ஒண்ணும் இல்ல."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை கன்னியம்மாளைத் துணைக்கு அழைத்தேன். முருங்கைக்கீரையும் முறமுமாக வந்து அறை வாசலில் உட்கார்ந்தாள். "நான் இருக்கேன், நீ பாட்டுக்குப் படி" என்றாள்.

ஒரு விஷயம். அன்று காலை நான் பானையை நிரப்பவில்லை. பயம். தண்ணீர் இல்லாவிட்டால் வர மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு. அஜிதனிடம்கூட இதைச் சொல்லவில்லை.

சரியாக 1.00 மணிக்குப் பதிவை ஆரம்பித்தேன். கோயில்களை இடித்து அதே கல்லில் தேவாலயங்கள் கட்டிய கதை. சுவடிகளைக் குவித்து எரித்த கதை. வெள்ளிச் சுரங்கத்துக்கு ஊர் ஊராக ஆள் பிடித்துக்கொண்டு போன கதை. பிழைத்த குழந்தைகளுக்குப் புதுப் பெயர், புது மொழி, புதுச் சாமி.

கன்னியம்மாள் கீரை ஆயும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தைரியமாக இருந்தது.

1.09. கீழே ஹாரன்.

"சிலிண்டர்காரன் வந்துட்டாம்மா. வுட்டா அடுத்த வாரம்தான் வருவான். தோ, ஒரே நிமிஷம்."

போய்விட்டாள்.

படித்தேன். குரல் என் குரலாக இல்லை.

1.12. எனக்கே மூச்சு கேட்டது.

என்னுடையது இல்லை.

ஒரே ஒரு மூச்சு. மெல்ல. இழுத்து இழுத்து.

1.14. தரையில் எதுவோ நகர்ந்தது. கையை ஊன்றி... உடம்பை இழுத்து... மறுபடி கையை ஊன்றி...

என்னைத் தாண்டிப் போனது.

மூலைக்கு.

1.16. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம். 'டக்... டக்...'

பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

பார்த்தேன்.

ஆள் இல்லை. பானைதான். அதன் வாயில் வெள்ளைத் துணி.

துணி உள்ளே போனது.

வெளியே வந்தது.

உள்ளே...

வெளியே...

உள்ளே.

அப்படியே நின்றுவிட்டது.

சுவர்க் கடிகாரத்தில் 1.17.

எழுந்து ஓடினேன். எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. கீழே கன்னியம்மாள் சிலிண்டரை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஜெராக்ஸ், போன், செருப்பு எல்லாம் மேலே. அஜிதன் வரும்வரை நானும் போகவில்லை, அவளையும் போகவிடவில்லை. எங்களைத் தாண்டித்தான் யாரும் மாடிக்குப் போக முடியும். யாரும் போகவில்லை.

ஐந்து பக்கம் பாக்கி இருந்தது.

6.40க்கு அஜிதன் மேலே போய்ப் போனையும் ஜெராக்ஸையும் கொண்டுவந்தார். பதிவு நின்றிருந்தது. ஓட்டத்தில் கை பட்டிருக்கும் என்று நினைத்தேன். வாட்ஸ்அப்பைத் திறந்தேன். ஆடியோ தென்றலுக்குப் போயிருந்தது. இரண்டு நீல டிக்.

அனுப்பிய நேரம் 1.31.

அதைத் திறந்து கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. தென்றலைக் கூப்பிட்டேன். இருசப்பன் எடுத்தார்.

"ஆடியோ வந்துடுச்சும்மா. ரூமைச் சாத்திட்டுக் கேட்டுக்கினு இருக்கா. காலைல பேசட்டுமா? உங்க புண்ணியத்துல இந்த வாட்டி பாஸாயிடுவா."

ஐந்து பக்கம் படிக்கவில்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

மறுநாள் தேர்வு எழுதினாள். பெரிய கேள்வி நான் விட்ட பக்கங்களிலிருந்து வந்திருந்தால்? அவளுடைய வேலை, வாழ்க்கை, எல்லாம் என்னால் போயிருந்தால்? அந்தப் பயத்தில் அவளுக்குப் போனே செய்யவில்லை. அவள் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. அறையைப் பூட்டிப்போட்டோம். பானையை அஜிதன் எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

ஜூலையில் தேர்வு முடிவு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் ஆட்டோ நின்றது. கையில் ஸ்வீட் பெட்டியோடு தென்றல் இறங்கினாள். கூடவே, தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுதிய கல்லூரிப் பெண் கவிநிலா.

"போன் எடுக்காத டீச்சரம்மா வீடு இதானா?" என்றாள் தென்றல். "பாஸ்க்கா! எழுபத்தொண்ணு! நாளைக்கு வேலைல சேரப் போறேன்."

கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். கன்னியம்மாள் வீட்டு வராந்தாவில் உட்காரவைத்தேன். கவிநிலா சொன்னாள்.

"பெரிய கேள்வி ஐரோப்பியர் வந்ததால பழங்குடி மக்களுக்கு ஏற்பட்ட மாற்றங்கள்தான் மிஸ். அக்கா மத்ததுக்கெல்லாம் யோசிச்சு யோசிச்சு சொன்னாங்க. இதுக்கு நிறுத்தவே இல்ல. எனக்குக் கை விட்டுப்போச்சு. அந்த வீட்டைப் பத்தி எழுதும்போது அழுதுட்டேன்."

"எந்த வீடு?"

"அதான் மிஸ், எல்லாரும் ஒரே நேரத்துல படுத்துட்ட வீடு. பானை பத்தடியிலதான் இருந்துச்சாம். கடைசி ஆளு தவழ்ந்து போயி பார்த்தா, பானை காலி. தினம் ரொப்பி வைக்கிறவங்க அன்னைக்கு மட்டும் பயந்துகிட்டு ரொப்பாம விட்டுட்டாங்களாம்."

மாடிக்கு ஓடிப்போய் அந்த ஜெராக்ஸ் கட்டை எடுத்துவந்தேன். கடைசி ஐந்து பக்கங்களையும் வரி வரியாகப் பார்த்தேன். துறைமுகம், வணிகம், கப்பல் சரக்கு. எந்த வீடும் இல்லை. எந்தப் பானையும் இல்லை.

"தென்றல்... கடைசி ஆடியோ எவ்வளவு நேரம் ஓடுது?"

"முப்பத்தோரு நிமிஷம்க்கா."

"நான் பதினேழு நிமிஷம்தான் படிச்சேன். அப்புறம் அந்த அறையில நான் இல்ல."

தென்றலின் முகம் மாறியது. ஸ்வீட் பெட்டியை மடியில் வைத்தாள்.

"உங்க குரல்தான்க்கா. சத்தியமா உங்க குரல்தான்."

"பதினேழுக்கு அப்புறம் எத்தனை பேரு மூச்சு கேட்டுச்சு?"

அவள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதைப்போல என் பக்கம் குனிந்தாள்.

"யாருதும் இல்ல. நீங்க ஒவ்வொரு வரி முடிஞ்சதும் மூச்சு இழுப்பீங்க. அதை வச்சுத்தான் வரி முடிஞ்சுதுன்னு நான் புரிஞ்சுக்குவேன். ஆனா அந்தப் பதினாலு நிமிஷமும்..."

"சொல்லு."

"படிச்சவங்க ஒரு தடவைகூட மூச்சு இழுக்கலக்கா."